வாயில்லா ஜீவனின் கண்ணும் நமது விரதமும்



நமது கோயில் குடும்பங்களில் நாய், பூனை வளர்ப்பவர்கள் இப்போது பலர். பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கி, பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபின் பெற்றோர் மடியில் வந்து சேர்ந்த ஜீவன்கள் அவற்றுள் பல. அவற்றுக்கு நோய் வரும்போது நம் பாட்டனார் காலத்தில் எழாத ஒரு கேள்வி இன்று எழுகிறது. கண்ணில் ஆழமான புண் வந்த நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போகிறோம். அவர் பார்த்துவிட்டு, "பன்றியின் சிறுகுடலிலிருந்து எடுத்த சவ்வை வைத்துத் தைத்தால் கண்ணைக் காப்பாற்றலாம்" என்கிறார். நாமோ வீட்டில் முட்டைகூடச் சேர்க்காதவர்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா? ஓர் உயிரைக் கொன்று எடுத்த பொருளைக் கொண்டு இன்னோர் உயிரைக் காப்பது ஜீவகாருண்யத்தில் சேருமா?

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது, போடுங்கள்" என்பார் சிலர். "சிவ சிவ, கூடவே கூடாது" என்பார் சிலர். இரண்டுமே அவசரப்பட்ட விடைகள் என்று நமக்குத் தோன்றுகிறது. அந்தச் சவ்வு என்ன, அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

கும்பாபிஷேகத்துக்கு முன் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்தபதியும் அவருடைய ஆட்களும் ஏறி நின்று வேலை செய்ய அது வேண்டும். வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். உடம்பில் பெரிய புண் ஏற்படும்போதும் இதே தேவைதான். புதிய உயிரணுக்கள் ஓரத்திலிருந்து நடுவே ஊர்ந்து வரப் பிடிமானம் வேண்டும். இல்லையென்றால் புண் மூடத் தாமதமாகும், அல்லது தழும்பாக இறுகும். மிருகங்களின் தோல், குடல், தசைநாண் எல்லாவற்றுக்கும் பிடிமானமாக இருப்பது கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகளை ஒன்றாக முறுக்கிய கயிறு போன்றது அது. அந்தக் கயிறு பன்றிக்கும் நாய்க்கும் குதிரைக்கும் மனிதனுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. ஓர் உடம்பு இன்னோர் உடம்பின் உறுப்பை ஒதுக்கித் தள்ளுவதற்கு முக்கிய காரணம் அதிலுள்ள அந்நிய உயிரணுக்கள்தான். அவற்றை நன்றாகக் கழுவி நீக்கிவிட்டுக் கொலாஜன் வலையை மட்டும் வைத்தால் உடம்பு பெரும்பாலும் சண்டை போடுவதில்லை.

பன்றியின் சிறுகுடலில் உள்பக்கச் சளிப்படலத்தையும் வெளிப்பக்கத் தசையையும் சுரண்டி எடுத்துவிட்டால் நடுவே காகிதம் போன்ற ஒரு மெல்லிய படலம் மிஞ்சும். அதைச் சுத்திகரித்து, கிருமி நீக்கி, உலர்த்தி உறையில் போட்டு விற்கிறார்கள். புண்ணின் மேல் வைத்துத் தைத்ததும் நாயின் உயிரணுக்கள் அதில் ஏறுகின்றன, மெல்லிய ரத்தக் குழாய்கள் உள்ளே வருகின்றன. வளர்ச்சியைத் தூண்டும் சில பொருள்களும் அந்தப் படலத்திலேயே தங்கியிருக்கின்றன. வாரங்கள் செல்லச் செல்ல உடம்பு அதைக் கரைத்துவிட்டு அந்த இடத்தில் தன் சொந்தத் திசுவை நெய்துகொள்கிறது. கோபுரச் சாரத்தை ஆள் வைத்து அவிழ்க்க வேண்டும். இந்தச் சாரம் தானே கரைகிறது. முடிவில் அங்கே பன்றி என்று எதுவும் எஞ்சுவதில்லை.

இது முற்றிலும் புதிய யோசனையும் அல்ல. 'கேட்கட்' என்ற தையல் நூலைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயரில் பூனை இருந்தாலும் அது ஆட்டின் அல்லது மாட்டின் குடலிலிருந்து வருவது. உள்ளே தைத்தால் தானே கரைந்துவிடும் என்பதால் நெடுங்காலமாக மனிதருக்கும் மிருகத்துக்கும் அதையே பயன்படுத்தினார்கள். மாட்டுப் பைத்திய நோய்ப் பயம் வந்தபின், 2001-இல் ஐரோப்பாவில் மனித சிகிச்சையிலிருந்து அதை விலக்கினார்கள். பல நாடுகளில் கால்நடைகளுக்கு இன்றும் பயன்படுகிறது. நம் நாயின் வயிற்றில் முன்பே ஒரு ஆட்டின் குடல் கரைந்து போயிருக்கக்கூடும். நாம் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இனி நமது கலிபோர்னியாவிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். 2017 டிசம்பரில் வென்சுரா, சான்டா பார்பரா பகுதிகளில் 'தாமஸ் தீ' மூண்டது. 2,80,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. அந்தக் காட்டில் இரண்டு கரடிகளும், ஐந்து மாதம்கூட நிரம்பாத ஒரு மலைச்சிங்கக் குட்டியும் பாதங்கள் வெந்த நிலையில் அகப்பட்டன. நடக்க முடியாத கரடி இரை தேட முடியாது. காட்டில் விட்டால் சாவுதான். சாதாரணக் கட்டுப் போட்டால் கரடி பிய்த்துத் தின்றுவிடும், துணி குடலில் அடைத்துக்கொள்ளும். கட்டு மாற்ற ஒவ்வொரு தடவையும் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். அதிலும் ஒரு கரடி கர்ப்பமாக இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. ஆகவே கூண்டில் நெடுநாள் வைத்திருக்கவும் இயலாது.

டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் ஜேமி பெய்டன் என்ற அம்மையார் மீன் தோலை எடுத்துக்கொண்டார். திலேப்பியா மீன். தமிழ்நாட்டுச் சந்தைகளில் 'ஜிலேபி' என்று விற்பது அதுதான். பிரேசிலின் போர்ட்டலேசா நகர மருத்துவர்கள் தீக்காயம் பட்ட மனிதர்களுக்கு இந்தத் தோலைப் போட்டுப் பலன் கண்டிருந்தார்கள். உணவுக்காக அறுத்த மீனின் தோலைக் கிருமி நீக்கி, பாதத்தின் அளவுக்கு வெட்டி, கரடியின் வெந்த உள்ளங்கால்களில் தைத்தார்கள். மேலே அரிசித் தாளும் மக்காச்சோள மடலும் சுற்றினார்கள்; கரடி தின்றாலும் செரித்துவிடும் என்பதற்காக. மீன் தோலிலும் கொலாஜன் நிறைய. ஈரத்தைக் காக்கும், வலியைத் தணிக்கும். எழுந்து நிற்கவே தயங்கிய கரடி கட்டுப் போட்டபின் முன்னைவிடத் தாராளமாக எழுந்து நின்றதாக மருத்துவர்கள் சொன்னார்கள். 2018 ஜனவரியில் இரண்டு கரடிகளும் காட்டுக்குத் திரும்பின. தாய் இல்லாமல் காட்டில் பிழைக்க முடியாத குட்டியை ஒரு காப்பகத்துக்கு அனுப்பினார்கள்.

இந்தச் செய்தியைப் படித்து நம்மில் யாரும் முகம் சுளிக்கவில்லை. "என்ன அருமையான அம்மா!" என்றுதான் பேசிக்கொண்டோம். அதே நாம் பன்றிக் குடல் என்றதும் ஏன் பின்வாங்குகிறோம்? மீனும் ஒரு உயிர்தான். ஒரு கரடியின் நான்கு பாதங்களுக்கு ஒரு மீன் போதாது. ஒரு பன்றியின் சிறுகுடலோ பல மீட்டர் நீளம், எத்தனையோ நாய்களின் கண்ணுக்குப் போதும். கொல்லப்படும் உயிர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் மீன்தான் நம்மை அதிகம் உறுத்த வேண்டும். உறுத்தவில்லை. இதிலிருந்து ஒன்று தெரிகிறது: நமது தயக்கத்தில் ஒரு பகுதி அகிம்சை, இன்னொரு பகுதி அருவருப்பு. பன்றி அசுத்தம் என்பது வேறு விஷயம். பன்றிக்கு வலிக்கும் என்பது வேறு விஷயம். முதலாவதை இரண்டாவதன் பெயரால் பேசுவதை நாம் முதலில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நமது ஆலயத்தையே எடுத்துக்கொள்வோம். கச்சேரி மேடையில் ஒலிக்கும் மிருதங்கத்தில் பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் சேர்ந்திருக்கிறது. அம்பாளுக்குச் சாத்தும் பட்டு, கூட்டுக்குள் உயிரோடிருக்கும் புழுவை வெந்நீரில் இட்டு நூற்றது. அபிஷேகத் தேனை ஜைனர்கள் தொடமாட்டார்கள். ஈக்களிடமிருந்து பறித்தது என்பார்கள். நம் பெரியவர்களில் சிலருடைய நெஞ்சில் பன்றியின் இதய வால்வோ, மாட்டின் இதய உறையில் செய்த வால்வோ இருக்கக்கூடும். ஆஸ்பத்திரியில் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெபாரின் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. பல மருந்துகளின் கூடு ஜெலட்டின், அதுவும் மிருகத்தின் கொலாஜனே. வாரா வாரம் பூனைக்கு வாங்கும் டின்னில் இருப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பூனை பிறவியிலேயே மாமிச பட்சிணி. அதற்குச் சாம்பார் சாதம் மட்டும் போட்டு வளர்த்தால் இதயமும் கண்ணும் கெடும்.

இப்படி எழுதுவதால், "எல்லாவற்றிலும் கலந்தாயிற்று, இனி எதற்கு விரதம்?" என்று கேட்பதாக எண்ண வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே தூசி இருக்கிறது என்பதற்காகப் பெருக்காமல் இருப்போமா? பட்டு உடுத்துவதை விட்டவர்கள் நம்மிலேயே உண்டு, அவர்களை மதிக்கிறோம். ஆனால் தன் சரிகைப் புடவையை விடாமல், நாயின் கண்ணை மட்டும் விடத் துணிவது சரியான வரிசை ஆகாது.

"எப்படியும் இறைச்சிக்காகக் கொன்ற பன்றி. குடல் கழிவுதானே? நாம் எடுக்காவிட்டால் குப்பைக்குப் போகும்" என்று சொல்வதுண்டு. இதில் உண்மை இருக்கிறது. யாரும் நாயின் கண்ணுக்காகப் பன்றி வளர்ப்பதில்லை. ஆயினும் இந்த வாதத்தை முழுக்க நம்பிச் சாய்ந்துகொள்ள முடியாது. ஒரு பொருளுக்கு விலை வந்துவிட்டால் அது கழிவு இல்லை, சரக்கு. மருத்துவத்துக்கு எடுக்கும் குடல் எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, மிருகம் ஆரோக்கியமாக இருந்ததா என்றெல்லாம் சோதித்துத்தான் வாங்குகிறார்கள். திருவள்ளுவர் புலால் மறுத்தலில் விற்பவனைப் பற்றிப் பேசும்போது வாங்குபவனையும் சேர்த்தே எடைபோடுகிறார். கொலைக்கு நாம் காரணம் இல்லை என்பது சரி; அதன் பலனைப் பெறுகிறோம் என்பதும் சரி. இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்வதுதான் நேர்மை.

அடுத்து, கண்ணப்ப நாயனார். சுவாமியின் கண்ணில் உதிரம் வழிந்தபோது திண்ணனார் மூலிகை தேடினார். பச்சிலை பிழிந்து பார்த்தார், நிற்கவில்லை. பிறகுதான் தசைக்குத் தசையே மருந்து என்ற பேச்சு அவர் நினைவுக்கு வந்தது. இன்றைய மருத்துவம் சொல்வதும் இதையே. ஆனால் இங்கே நாம் வழக்கமாகக் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் வேடர். காட்டுப் பன்றியை வேட்டையாடி அதன் இறைச்சியைச் சுவாமிக்குப் படைத்தவர். கையில் வில் இருக்கிறது, காடு முழுவதும் மிருகங்கள். மானின் கண்ணோ பன்றியின் கண்ணோ எடுத்துவர அவருக்கு எத்தனை நேரம் ஆகும்? அந்த எண்ணமே அவருக்கு வரவில்லை. உணவுக்கு மிருகத்தைக் கொன்றவர், மருந்துக்குத் தன்னையே கொடுத்தார். சிபிச் சக்கரவர்த்தியும் அப்படியே. புறாவுக்கு ஈடாக அரண்மனை ஆடு ஒன்றை அறுத்துத் தராசில் வைக்கவில்லை.

நம் கண்ணை நாய்க்கு வைக்க முடியாது என்பது வாஸ்தவம். ஆயினும் இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இந்த நாய்க்காக நாம் நம்மிடமிருந்து எதைக் கொடுக்கிறோம்?

இதற்கு விடை, அந்தக் கண் நோயிலேயே இருக்கிறது. நாயின் கருவிழியை மூடிய தெளிந்த படலம் சுமார் அரை மில்லிமீட்டர் கனந்தான். மூக்குத் தட்டையான பக், ஷீ ட்ஸு போன்ற நாய்களுக்குக் கண் பிதுங்கி இருப்பதால் எளிதில் கீறல் விழும். சில கிருமிகள் அதில் புகுந்தால் கொலாஜனைக் கரைக்கும் நொதிகள் பெருகிப் படலம் மெழுகு போல உருக ஆரம்பிக்கும். ஓரிரு நாளில், சிலசமயம் சில மணி நேரத்தில், ஓட்டை விழுந்துவிடும். ஆழம் குறைவாக இருக்கும்போதே கொண்டுபோனால் பல கண்கள் ஆபரேஷன் இல்லாமலே பிழைக்கின்றன. நாயின் சொந்த ரத்தத்தை எடுத்து, அதைச் சுழற்றித் தெளிந்த சீரத்தைப் பிரித்து, அதையே கண்ணில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். உருக்கும் நொதிகளை அடக்கும் சக்தி சீரத்தில் உண்டு. உயிர்க்கொல்லி மருந்தும் கூடவே வேண்டும். ஆனால் ஆரம்பத்தில் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விட வேண்டும், இரவும் பகலும்.

ஆழமாகிவிட்டால் ஆபரேஷன். அப்போதும் முதலில் கேட்க வேண்டியது, அதே கண்ணின் வெண்விழியை மூடிய மெல்லிய சவ்விலிருந்து ஒரு துண்டைத் திருப்பிவைத்துத் தைக்கலாமா என்பது. நெடுநாளாகச் செய்துவரும் முறை அது. எந்த உயிரும் சாகவேண்டியதில்லை, ரத்த ஓட்டமும் கூடவே வரும். குறை என்னவென்றால், அந்த இடத்தில் மங்கலான தழும்பு நிற்கும். பனிக்குடச் சவ்வும் இருக்கிறது. குதிரை குட்டி போட்டபின் தானாக விழுவது நஞ்சுக்கொடி. அதிலிருந்து பிரித்தெடுத்துக் குளிரில் பாதுகாத்த சவ்வைக் கண் புண்ணுக்கு வைக்கிறார்கள். தாய்க்கும் குட்டிக்கும் ஒரு கீறலும் இல்லை. நம்மைப் போன்றவர்களுக்காகவே செய்தது போன்ற மருந்து அது. ஆனால் எல்லா மருத்துவமனைகளிலும் வைத்திருக்க மாட்டார்கள். கண் சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும், செலவும் கூடும். தையல் நூலைப் பற்றிக் கவலை வேண்டாம். 1970-களிலிருந்தே கரையும் செயற்கை நூல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, கேட்கட் வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் போதும்.

இவை எதுவும் பொருந்தாது, கண் இன்றிரவு ஓட்டையாகிவிடும், கையிலிருப்பது பன்றிச் சவ்வு ஒன்றுதான் என்று மருத்துவர் சொன்னால்? கையெழுத்துப் போடலாம் என்பதே நமது கருத்து. புலால் உண்ணாமை நாம் எடுத்துக்கொண்ட விரதம். நாய் எந்தத் தீட்சையும் பெறவில்லை. நாம் பட்டினி கிடக்கலாம்; விரதம் என்று சொல்லி வீட்டுக் குழந்தையைப் பட்டினி போடுவோமா? விரதம் நம்முடையது, கண் அதனுடையது. "அதன் கர்மம்" என்று பெரியவர்கள் சிலர் சொல்லக்கூடும். அதன் கர்மம் அதைப் படிவத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த ஒரு வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறது என்பதையும் அவர்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லா வழியும் அடைபட்டபின்னும் தன் மனம் ஒப்பவில்லை என்று ஒருவர் சொன்னால் அவரைப் பழிக்கமாட்டோம்; ஆனால் வலிக்கு மருந்தும், தேவையானால் கண்ணை எடுத்துவிடும் ஆபரேஷனும் தாமதமில்லாமல் நடக்கும்படி அவர் பார்க்க வேண்டும். மனம் ஒப்பவில்லை என்று சும்மா இருந்துவிடுவது நாயின் தலையில் நம் விரதத்தைச் சுமத்துவதாகும்.

பிள்ளைகள் கேட்டால் எதிலிருந்து வந்த சவ்வு என்று ஒளிக்காமல் சொல்லலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கும். குடல் படலம் இப்படிச் சாரமாக நிற்கும் என்று பர்டூ பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் பேடிலாக் முதலியோர் 1989-இல் எழுதிய ஆரம்பக் கட்டுரைகளில் ஒன்று, நாய்களின் பெரிய ரத்தக் குழாயை வெட்டி அந்த இடத்தில் குடல் படலத்தை வைத்துச் செய்த பரிசோதனையைப் பற்றியது. இன்று நம் மடியில் கிடக்கும் நாய்க்கு வரும் சிகிச்சைக்கு அந்த நாய்களே விலை கொடுத்தன. அவற்றை யாரும் கேட்கவில்லை. பன்றியின் கணக்காவது இறைச்சிக் கடையோடு பங்கு போடப்படுகிறது. இந்தக் கணக்கை யார் பெயரில் எழுதுவது என்று நமக்கு இன்னும் விளங்கவில்லை. இதைப் பற்றிச் சிந்தித்த அன்பர்கள் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிட முயல்வோம்.

சீரம் சிகிச்சை பற்றி ஒரு வார்த்தை. நோயுற்ற நாய் மிகவும் பலவீனமாக இருந்தால் ஆரோக்கியமான வேறொரு நாயின் சீரமும் உதவும். அந்த நாய்க்குப் போவது கொஞ்சம் ரத்தம் மட்டுமே. பெரிய நாய் வளர்க்கும் குடும்பங்கள் இதற்கு இசைந்தால் தங்கள் பெயரைக் கோயில் அலுவலகத்தில் கொடுத்து வைக்கலாம். இரவெல்லாம் மணிக்கொருமுறை சொட்டு விடுவது வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இயலாத காரியம். மூன்று இரவுக்கு ஆறு பேர் இருந்தால் போதும். அன்னதானச் சமையலுக்கு முறை போடுவது போலவே இதற்கும் முறை போட்டுக்கொள்ளலாம்.